நீடில்பாயின்ட் தொடங்குகிறீர்களா? முதல் நூல் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

என் முதல் குஷன் உறையை முடித்து மேசையில் விரித்தபோது அது சதுரமாக இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பின்னணியில் மேல்பாதி ஒரு நீலம், கீழ்பாதி இன்னொரு நீலம். நாலு மாதம் தினமும் உட்கார்ந்து தைத்த வேலை அது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: தவறு எல்லாமே ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. கேன்வாஸ் தேர்வு தவறு, நூல் கணக்கு தவறு, எந்தத் தையல் என்ற முடிவும் தவறு.

ஆனாலும் அந்த நாலு மாதத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து ஊசியை இழுக்கும்போது கம்பளி இழை கேன்வாஸ் கண்ணை உரசிக்கொண்டு வரும் அந்த மெல்லிய சத்தம், ஒரு வரிசை முடிந்ததும் தோள் தானாகத் தளர்வது, இதற்காகத்தான் இரண்டாவது கேன்வாஸை எடுத்தேன். முன்னேற்பாடு சரியாக இருந்தால் இந்த நிம்மதி உங்களுக்கு முதல் வேலையிலேயே கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தைப்பதற்கு முன் செய்ய வேண்டியவைதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தேடும்போது இது குழப்பும். நீடில்பாயின்ட் என்பது கண் கண்ணாக இருக்கும் விறைப்பான கேன்வாஸை ஊசியும் நூலும் கொண்டு முழுவதுமாக மூடும் வேலை. டேபஸ்ட்ரி என்பது உண்மையில் தறியில் நெய்வது. ஆனால் பலரும் இதையும் டேபஸ்ட்ரி என்றே சொல்கிறார்கள். நூல் லேபிளில் 'டேபஸ்ட்ரி கம்பளி' என்று இருக்கும், ஊசிக்கும் 'டேபஸ்ட்ரி ஊசி' என்றுதான் பெயர். போதாததற்கு ஒரு வகை லேஸுக்கும் நீடில்பாயின்ட் என்ற பெயர் உண்டு. தறி படமோ லேஸ் படமோ வந்தால் 'கேன்வாஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

1. முதல் வேலை உள்ளங்கை அளவில் இருக்கட்டும்

ஆசையாக இருக்கிறதே என்று பெரிய குஷன் வாங்காதீர்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். கேன்வாஸில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதைக் கவுண்ட் என்பார்கள். 10 கவுண்ட் என்றால் ஒரு சதுர அங்குலத்தில் 100 தையல். 12 கவுண்டில் 144. 18 கவுண்டில் 324.

6 அங்குலச் சதுரம், 10 கவுண்ட் என்றால் 3,600 தையல். புதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 8 தையல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரம். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் 15 நாள். அதே கையால் 12 கவுண்டில் 14 அங்குலக் குஷன் தைத்தால் 28,224 தையல். கிட்டத்தட்ட 59 மணி நேரம், அதாவது தினமும் அரை மணி வீதம் நாலு மாதம். நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

15 நாளில் ஒன்று கையில் முடிந்து நிற்க வேண்டும். அப்போதுதான் பிளாக்கிங் (கோணியதை நேராக இழுத்துக் காயவைப்பது), முடித்தல் (குஷனாகவோ படமாகவோ ஆக்குவது) என்று கடைசிப் படிகளையும் சீக்கிரமே கற்றுக்கொள்ள முடியும். கோஸ்டர், ஊசி உறை, கண்ணாடி உறை, இந்த அளவில் தொடங்குங்கள்.

2. கேன்வாஸ்: இங்கே தவறினால் பிறகு திருத்த முடியாது

மூன்று வகை தெரிந்தால் போதும்.

மோனோ கேன்வாஸில் ஒற்றை இழைகள் குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழுமாக நெய்யப்பட்டிருக்கும். சந்திப்புகளில் பூட்டு எதுவும் கிடையாது, இழை கொஞ்சம் நகரும். நல்ல தரமான வேலைக்கு இதுதான் ஏற்றது, ஆனால் எல்லாத் தையலும் இதில் நிற்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்டர்லாக் கேன்வாஸில் சந்திப்புகள் முறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். இழை நகராது, வெட்டிய ஓரம் அவ்வளவாகப் பிரியாது. அச்சடித்த கிட்டுகளில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம்.

பெனலோப்பி கேன்வாஸில் இழைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும். முகம், கை போன்ற நுணுக்கமான இடங்களில் அந்த இரட்டையைப் பிரித்துச் சின்னத் தையலாகப் போடலாம். முதல் வேலைக்கு இது வேண்டாம்.

என் பரிந்துரை 10 அல்லது 12 கவுண்ட் மோனோ. 18 கவுண்ட் படங்களில் அழகாகத் தெரியும். ஆனால் தினமும் பழகாத கண்ணுக்கு அது பாரம்.

வடிவம் வரைந்த கேன்வாஸ் வாங்குகிறீர்கள் என்றால், அச்சடித்ததற்கும் கையால் வண்ணம் தீட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அச்சில் ஒரு நிறத்தின் விளிம்பு சில இடங்களில் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே விழும். அங்கே எந்த நிறம் என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். கவனமாகக் கையால் தீட்டியதில் ஒவ்வொரு சந்திப்பும் ஒரே நிறத்தில் தெளிவாக இருக்கும். அந்த உழைப்புக்கான விலையும் அதில் சேர்ந்திருக்கும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வெறும் கேன்வாஸும் கட்டம் போட்ட வரைபடமும் வாங்கி எண்ணி எண்ணித் தைக்கலாம். கிராஸ் ஸ்டிட்ச் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

எதை வாங்கினாலும் வடிவத்தைச் சுற்றி நாலு பக்கமும் 2 அங்குலம் வெறும் கேன்வாஸ் இருக்க வேண்டும். 6 அங்குல வடிவத்துக்கு 10 அங்குலக் கேன்வாஸ். இதில் மிச்சம் பிடித்தால் கடைசியில் குண்டூசி குத்தவும் மடித்துத் தைக்கவும் இடம் இருக்காது.

3. ஊசியும் நூலும்

ஊசி மழுங்கிய முனை கொண்டதாக இருக்க வேண்டும். கூர் முனை, கேன்வாஸ் இழையையும் பக்கத்துத் தையலையும் பிளந்துவிடும். எண் கூடக் கூட ஊசி சிறியதாகும் என்பதை மனதில் வையுங்கள். 10 கவுண்டுக்கு 18 எண், 12 முதல் 14 வரை 20 எண், 18 கவுண்டுக்கு 22 எண். ஊசி கண்ணுக்குள் போகும்போது கேன்வாஸ் இழைகளைத் தள்ளக் கூடாது, அதே நேரம் ஒரு மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும்.

நூலில் முதல் தேர்வு டேபஸ்ட்ரி கம்பளி. 10, 12 கவுண்டுக்கு அப்படியே ஒற்றை இழையாகப் போடலாம். பர்ஷியன் கம்பளி என்று ஒன்று உண்டு. மூன்று இழை சேர்ந்து வரும், வேண்டியபடி பிரித்துக்கொள்ளலாம். 18 கவுண்டுக்குக் கம்பளியை விட ஆறு இழைப் பருத்தி நூலோ 5 எண் பேர்ல் காட்டனோ வசதி. ஸ்வெட்டர் பின்னும் கம்பளியை வைத்துச் சமாளிக்கலாமா என்று பலரும் நினைப்பார்கள், நானும் முயன்றேன். அது இழுபடும். கேன்வாஸ் கண்ணில் திரும்பத் திரும்ப உரசும்போது பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நடுவில் மெலிந்துவிடும். டேபஸ்ட்ரி கம்பளி இந்த உரசலைத் தாங்கும்படி நூற்கப்பட்டது.

நூலை 45 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தையலிலும் நூல் தேய்கிறது. நீள நூலின் வால் பகுதி கடைசித் தையலுக்கு வருவதற்குள் மெலிந்து, அடியில் இருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும்.

4. நூல் கணக்கு: இதை மட்டும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்

ஒவ்வொரு முறையும் நூலைச் சாயத்தில் போடும்போது நிறம் மிக லேசாக மாறும். அதனால்தான் லேபிளில் நிற எண்ணோடு டை லாட் எண்ணும் போடுகிறார்கள். நிற எண் ஒன்றாக இருந்து டை லாட் வேறாக இருந்தால், கையில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. தைத்து முடித்துச் சுவரில் மாட்டினால் கோடு போட்ட மாதிரி தெரியும். என் நீலம் இரண்டானது இப்படித்தான்.

பின்னணி நிறத்தை ஒரே நாளில், ஒரே டை லாட்டில், முழுவதுமாக வாங்கிவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம். உங்கள் கையின் இழுப்புக்கு ஏற்ப அளவு மாறும், அதனால் உங்கள் கையாலேயே அளந்து பாருங்கள்:

- அதே கவுண்ட் கேன்வாஸ் துண்டில் ஒரு சதுர அங்குலம் தையுங்கள். வேலையில் போடப்போகும் அதே தையலாக இருக்க வேண்டும்.
- 45 செ.மீ. இழை எத்தனை செலவானது என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 135 செ.மீ.
- அதைப் பரப்பால் பெருக்குங்கள். 36 சதுர அங்குலத்துக்கு 48.6 மீட்டர்.
- சிட்டம், அதாவது கடையில் வாங்கும் நூல்கட்டு, ஒன்று 8 மீட்டர் என்றால் ஆறும் கொஞ்சமும் வரும். ஏழு வாங்க வேண்டும். பிரித்துத் தைக்க வேண்டி வரும், ஓரத்தில் கூடுதல் வரிசை வரும் என்பதற்காக இன்னொன்று. ஆக எட்டு.

ஒரு சிட்டத்தில் எத்தனை மீட்டர் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், லேபிளைப் பாருங்கள். டிஎம்சி சிட்டத்தில் 8 மீட்டர், ஆங்கரில் 10 மீட்டர். ஒரு கிட்டில் சொன்ன நிறத்துக்கு வேறு நிறுவன நூலை மாற்றி எடுக்கும்போது சிட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இங்கே ஏமாந்துவிடுவீர்கள்.

சரி, பாதியில் தீரப்போகிறது, அதே டை லாட் கிடைக்கவில்லை. என்ன செய்வது? கடைசி ஒரு சிட்டம் இருக்கும்போதே புது நூலை வாங்கி, சில வரிசைகளுக்குப் பழையதும் புதியதும் மாறி மாறிக் கலந்து போடுங்கள். ஒரே கோடாக மாறாமல் நிறம் கரைந்து போகும். முழுசாகத் தீர்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது.

5. காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்

பொழுதுபோக்குக்கு என்ன ஆவணம் என்று கேட்கலாம். ஒரு வேலை மூன்று மாதம் பையில் தூங்கிவிட்டு வெளியே வரும்போது தெரியும் அதன் அருமை. ஒளி ஊடுருவும் ஓர் உறையில் இவை இருக்கட்டும்: வரைபடமும் நிறப் பட்டியலும், ஒவ்வொரு நிறத்தின் லேபிளும், நூல் வாங்கிய ரசீது, ஓர் அங்குலச் சோதனையின் கணக்கு, பயன்படுத்திய ஊசி எண், எத்தனை இழை என்பது.

சிட்டத்தைப் பிரிக்கும்போது முதலில் காணாமல் போவது லேபிள்தான். நான் இப்போது சிட்டத்தை எடுத்தவுடன் லேபிளை உருவி, அதே நூலின் ஒரு விரல் நீளத் துண்டை அதன் ஓட்டையில் முடிந்து வைத்துவிடுகிறேன். கரும்பச்சை மூன்று இருந்தால் எது எது என்று அது சொல்லும்.

6. செலவு எங்கே போகும்

ஊசி, கத்தரி, டேப் எல்லாம் சில்லறைச் செலவு, ஒரு முறைதான். கேன்வாஸை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் ஒரு முறைச் செலவு. கேன்வாஸ் வெறுமையாக வாங்கினால் சிறியது, கையால் தீட்டியதாக வாங்கினால் மொத்தச் செலவில் அதுவே பெரியதாகிவிடும். நூல் எப்போதும் நினைத்ததை விடக் கூடும். புதியவர்கள் கணக்கில் விட்டுவிடுவது கடைசிச் செலவை. குஷனாகவோ சட்டமிட்ட படமாகவோ ஆக்கித் தரும் கூலி, பல நேரம் பொருள் எல்லாம் சேர்த்த விலையையே தாண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே அந்தக் கூலியை விசாரித்துவிடுங்கள். நீங்களே முடிக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதல் முறைக்கு நல்லது.

7. சட்டத்தில் ஏற்றுதல்

முதலில் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மடித்து ஒட்டுங்கள். கேன்வாஸ் ஓரம் முரடு, கம்பளியைப் பிடித்து இழுக்கும், கை சட்டையையும் விடாது. டேப்பில் 'மேல்' என்று எழுதுங்கள். நெசவு ஓரமான கரை உங்கள் கேன்வாஸில் இருந்தால் அது இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி வையுங்கள்.

கையில் வைத்தே தைக்கலாம் என்பவர்கள் உண்டு. புதியவர்களுக்கு நான் சட்டத்தையே சொல்வேன். சட்டமாகப் பொருத்தும் ஸ்ட்ரெச்சர் பார்கள் ஜோடி ஜோடியாகக் கிடைக்கும். 10 அங்குலக் கேன்வாஸுக்கு 10 அங்குல ஜோடி இரண்டு. நாலு பக்கமும் நடுவில் கேன்வாஸைப் பாரோடு சேர்த்து ஒவ்வொரு தம்ப்டாக் குத்திவிட்டு, பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் போங்கள். விரலால் தட்டினால் உடுக்கை போல ஒலிக்க வேண்டும். சில நாளில் தளரும், மறுபடி இழுத்துக் குத்துங்கள்.

நீங்களே கேன்வாஸில் கோடு வரைகிறீர்கள் என்றால் பென்சில் வேண்டாம், அதன் கரி வெளிர் நூலில் ஏறும். எந்தப் பேனாவானாலும் முதலில் ஒரு துண்டில் எழுதி, நன்றாகக் காயவிட்டு, நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் துளி நிறம் ஏறினாலும் அந்தப் பேனாவை ஒதுக்கிவிடுங்கள். பிளாக்கிங்கின்போது கேன்வாஸ் ஈரமாகப் போகிறது என்பதை மறக்காதீர்கள்.

8. தையல்: மூன்றில் எது

டென்ட் தையல் என்பது ஒரு சந்திப்பைத் தாண்டி, கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்குச் சாயும் சின்னக் கோடு. அதையே மூன்று விதமாகப் போடலாம். முன்பக்கம் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும், பின்பக்கம்தான் வேறு.

ஹாஃப் கிராஸில் பின்பக்கம் குட்டிக் குட்டி நேர்கோடுகள். நூல் குறைவாகச் செலவாகும். ஆனால் பூட்டு இல்லாத மோனோவில் இது நழுவும். இன்டர்லாக்கிலோ பெனலோப்பியிலோ மட்டும் போடுங்கள். நான் மோனோவில் போட்டு வீணடித்தேன்.

கான்டினென்டலில் பின்பக்கம் நீளச் சாய்வுகள். ஹாஃப் கிராஸை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நூல் பிடிக்கும். உறுதியானது, ஆனால் கேன்வாஸைக் கோணலாக இழுக்கும். ஒற்றை வரிசைக் கோடுகளுக்கும் எழுத்துகளுக்கும் இது போதும்.

பாஸ்கெட்வீவ் மூலைவிட்டமாகப் போவது. பின்பக்கம் பாய் முடைந்த மாதிரி இருக்கும். கான்டினென்டல் அளவுக்கே நூல் பிடிக்கும், கேன்வாஸை மிகக் குறைவாகத்தான் இழுக்கும், தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். எவ்வளவு சீக்கிரம் இதைக் கற்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

மேல் வலமூலையில் தொடங்குங்கள். நூல் நுனியில் முடிச்சிட்டு, தையல் போகப்போகும் பாதையில் ஓர் அங்குலம் தள்ளி, முன்பக்கத்திலிருந்து ஊசியை உள்ளே விடுங்கள். முடிச்சு மேலே நிற்கும். தைத்துக்கொண்டு வரும்போது பின்பக்க நூல் அதன்மேல் படிந்து பிடித்துக்கொள்ளும். முடிச்சை நெருங்கியதும் வெட்டி எறியுங்கள். வேலையின் அடியில் ஒரு முடிச்சும் தங்கக் கூடாது, முன்பக்கம் புடைப்பாகத் தெரியும்.

முதல் தையல் மூலையில். இரண்டாவது அதன் இடப்பக்கம். மூன்றாவது முதல் தையலுக்கு நேர் கீழே. அடுத்து அதற்கும் கீழே ஒன்று, அங்கிருந்து இடமேலாக ஏறி மேல் ஓரம் வரை. பிறகு மறுபடி இறக்கம். இப்படி மூலையிலிருந்து முக்கோணம் விரிந்துகொண்டே போகும். இறங்கும் வரிசையில் ஊசி பின்பக்கம் நெட்டுக்குத்தாக இரண்டு இழை கீழே வரும். ஏறும் வரிசையில் கிடைமட்டமாக இரண்டு இழை இடப்பக்கம் வரும். இந்த இரண்டு அசைவும் கைக்கு வந்துவிட்டால் வரைபடத்தைப் பார்க்கவே வேண்டாம்.

இப்போது கேன்வாஸைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து பாருங்கள். நெசவில் ஒரு சந்திப்பில் நெடுக்கு இழை மேலே இருக்கும், பக்கத்துச் சந்திப்பில் குறுக்கு இழை மேலே இருக்கும். ஒரு மூலைவிட்டம் முழுக்க நெடுக்கே மேலே, அடுத்த மூலைவிட்டம் முழுக்கக் குறுக்கே மேலே. நெடுக்கில் இறக்கம், குறுக்கில் ஏற்றம், இவ்வளவுதான் விதி. இதைப் பின்பற்றினால் எத்தனை நாள் கழித்து எடுத்தாலும், வடிவத்தின் எந்த மூலையில் தொடங்கினாலும், எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேன்வாஸே சொல்லிவிடும். இரண்டு ஏற்றமோ இரண்டு இறக்கமோ அடுத்தடுத்து வந்துவிட்டால் முன்பக்கம் மெல்லிய ஒரு வரப்பு தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அது மறையாது. இன்டர்லாக்கில் இந்த மேல் கீழ் அடையாளம் தெளிவாகத் தெரியாது. அதனால் எழும்பும்போது வரிசையை நடுவில் நிறுத்துங்கள், முடித்துவிட்டு எழும்பாதீர்கள்.

இடக்கைக்காரர்கள் கேன்வாஸையும் வரைபடத்தையும் தலைகீழாகத் திருப்பிவிட்டு, கீழ் இடமூலையிலிருந்து ஆரம்பித்தால் சரியாக வரும். சாய்வு மாறாது.

இழுப்பு பற்றி: நூல் கேன்வாஸின் மேல் படுத்திருக்க வேண்டும், கேன்வாஸை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தையல்களுக்கு நடுவே ஓட்டை பெரிதாகத் தெரிந்தால் இறுக்கம் அதிகம். சில தையலுக்கு ஒரு முறை ஊசியைத் தொங்க விடுங்கள். நூல் தானாகச் சுழன்று முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். அந்தச் சில விநாடிகள் கண்ணுக்கும் ஓய்வு.

9. எதை முதலில் நிரப்புவது

நுணுக்கமான பகுதிகள் முதலில், பின்னணி கடைசியில். கரும் நூலை வெளிர் பகுதியின் அடியில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், நிழல் போல முன்னே தெரியும். புது நூல் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், பின்பக்கம் அதே நிறத் தையல்களின் அடியில் ஓர் அங்குலம் ஓட்டிவிட்டு வாலை ஒட்ட வெட்டுங்கள். தொங்கும் வால்கள் அடுத்த தையலோடு முன்பக்கம் ஏறி வந்துவிடும்.

ஊசியை வடிவத்தின் நடுவே குத்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள். துருவும் ஏறும், கண்ணும் விரியும். ஓர வெற்றுக் கேன்வாஸில் குத்துங்கள்.

பின்னணி சலிப்பு என்று பலர் சொல்வார்கள். பூவும் பறவையும் முடிந்த பிறகு வெறும் நிறத்தை நிரப்ப மனம் வராமல் பாதியில் விட்ட கேன்வாஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் இந்த வேலையின் நல்ல பகுதி. வடிவம் தைக்கும்போது கண் எண்ணிக்கொண்டே இருக்கும், மனம் ஓய்வதில்லை. பின்னணிக்கு வந்த பிறகு எண்ண எதுவும் இல்லை. ஏறுகிறோம், இறங்குகிறோம். சட்டத்துக்கு அடியில் இருக்கும் கையில் ஊசி வந்து சேரும் இடம் விரலுக்குத் தெரிந்துவிடும், பார்க்காமலே வாங்கிக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்து நிமிரும்போது, ஊசி எடுக்கும்வரை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு எப்போது நின்றது என்று தெரியாது. கேன்வாஸில் இரண்டு விரல் அகலம் புதிதாக நிரம்பியிருக்கும். அன்றைக்கு அது போதும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கழுத்தையும் மணிக்கட்டையும் நீட்டுங்கள். வலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். விளக்கு, தைக்கும் கைக்கு எதிர்ப் பக்கமிருந்து வரட்டும், கையின் நிழல் விழாது.

10. தவறு நடந்தால்

இரண்டு மூன்று தையல் என்றால் ஊசியை எடுத்துவிட்டு நூலைப் பின்னோக்கி உருவலாம். அதற்கு மேல் என்றால் வெட்டுவதுதான் வழி. முன்பக்கத்தில் தையலுக்கு அடியில் ஊசி முனையை விட்டுத் தூக்கி, நூலை மட்டும் வெட்டுங்கள். பின்பக்கமிருந்து சாவணத்தால் துண்டுகளை எடுங்கள். தவறிப்போய்க் கேன்வாஸ் இழையை வெட்டிவிடக் கூடாது, அதனால் நல்ல பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். பிரித்த நூலை மறுபடி பயன்படுத்த வேண்டாம், அது ஏற்கெனவே தேய்ந்தது.

11. பிளாக்கிங்

சட்டத்திலிருந்து எடுத்தவுடன் லேசாகக் கோணியிருந்தால் பயப்படாதீர்கள். கேன்வாஸில் ஏற்றியிருக்கும் கஞ்சி ஈரத்தில் இளகும், நேராக இழுத்துக் காயவைத்தால் மறுபடி விறைக்கும்.

முதலில் நிறம் கசிகிறதா என்று பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றுங்கள், சிவப்பைக் கூடுதல் கவனத்தோடு. கசிந்தால் நனைக்க வேண்டாம். உலர்வாகவே இழுத்துக் குத்தி விட்டுவிடுங்கள். கசியவில்லை என்றால் ஈரத் துண்டில் சுருட்டிக் கொஞ்ச நேரம் வைத்து, நனைந்த பதம் வந்ததும் விரியுங்கள். ஊசி இறங்கும் பலகையில் கட்டம் போட்ட துணியை விரித்து, அதன் கோட்டுக்கு நேராக ஓரத்தைப் பிடித்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாவது குத்துங்கள். குத்துவது எப்போதும் வெற்று ஓரத்தில், தையலின் மேல் இல்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நீளம் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. படுத்த வாக்கிலேயே முழுசாகக் காயட்டும், ஒன்று அல்லது இரண்டு நாள் பிடிக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு எடுத்தால் பழைய கோணலுக்கே திரும்பிவிடும். அதிகமாகக் கோணியது இரண்டு முறை கேட்கும்.

12. முடிக்கக் கொடுக்கும்போது

என் மூன்றாவது வேலை அழகாக வந்திருந்தது. குஷனாக ஆக்க ஓர் இடத்தில் கொடுத்தேன். அவர்கள் ஓரத்தைக் கால் அங்குலம் விட்டு வெட்டிவிட்டார்கள். மோனோ கேன்வாஸ் இழைகள் மூட்டுத் தையலிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. வாயால் சொல்லிக் கொடுத்தது என் பக்கத் தவறு. இப்போது எழுதித்தான் கொடுக்கிறேன்: முடித்த பின் இருக்க வேண்டிய அளவு என்ன, வெட்டும் முன் ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் போட வேண்டும், மூட்டுக்கு அரை அங்குலத்துக்குக் குறையாமல் விட வேண்டும், எந்தத் தேதிக்கு வேண்டும். அதில் அவர்கள் கையெழுத்து, கொடுக்கும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு புகைப்படம். பரிசாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் தைக்கும் நாள்களோடு இந்தக் காத்திருப்பையும் கூட்டிக் கணக்கிடுங்கள்.

குஷன் என்றால் வடிவத்தைச் சுற்றிப் பின்னணி நிறத்தில் இரண்டு மூன்று வரிசை கூடுதலாகத் தைத்துவிடுங்கள். மூட்டு அதை விழுங்கிக்கொள்ளும், வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்க்காது. சுவரில் மாட்டுவது என்றால் கண்ணாடி தையலைத் தொடக் கூடாது, வெயில் நேராக விழக் கூடாது. முடிக்காமல் எடுத்து வைப்பது என்றால் மடிக்காதீர்கள். தைத்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கம்பளிக்கு அந்துப்பூச்சி வரும், சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. மிஞ்சிய நூலில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் எடுத்து, சின்னத் துணிப் பையில் போட்டு, குஷனின் உள்பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுங்கள். பல வருடம் கழித்து எங்கேயாவது ஒரு தையல் தேய்ந்து அறுந்தால், அதே டை லாட் நூல் உள்ளேயே இருக்கும்.